உளவுப் புதிர் கேமில் உளவு எங்கே இருக்கிறது?

கேள்வி, மார்ச் 2

'ஏஜென்ட் ஏ' கேமை டேப்லட்டில் ஆடிக்கொண்டிருக்கிறேன். நாலு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். யூடியூபில் விடை இருக்கிறது, பார்க்கலாமா வேண்டாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இதை உளவாளி கேம் என்கிறார்கள், எனக்கு உளவு எதுவும் தெரியவில்லை. பூட்டு, சாவி, எண், மறுபடி பூட்டு. உளவாளி இருக்கும் இடத்தில் ஒரு திருடனை வைத்தாலும் கதை ஓடும். உளவு என்பது வெறும் வேஷம்தானே?

மார்ச் 2, இரவு 10.40

இன்னும் பார்க்காதீர்கள். டேப்லட்டை மூடிவைத்துத் தூங்கி எழுந்து, முதல் அறையிலிருந்து மறுபடி நடந்து வாருங்கள். எதையும் தொட வேண்டாம், பார்த்தால் மட்டும் போதும்.

வேஷம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளை எழுதுகிறேன்.

மார்ச் 3

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெல்போர்னில் இருக்கும் யாக் அண்ட் கோ என்ற சிறிய குழு செய்த கேம் இது. முதல் அத்தியாயம் 2015-இல் மொபைலுக்கு வந்தது. மொத்தம் ஐந்து அத்தியாயங்கள், 2019-இல்தான் கதை முடிந்தது. அந்த ஆண்டே கணினிக்கும் கன்சோல்களுக்கும் முழுதாக வந்துவிட்டது. நீங்கள் ஏஜென்ட் ஏ. எதிரி ரூபி லா ரூஜ் என்ற பெண் உளவாளி. அவளுடைய ரகசிய வீட்டுக்குள் நுழைந்து அவளைப் பிடிக்க வேண்டும். துப்பாக்கி எடுத்துச் சுட்டுத் தள்ளும் கேம் கிடையாது. வீடுதான் எதிரி.

அந்த வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1960-களின் பாணி. நீளமான கோடுகள், பெரிய கண்ணாடிகள், தட்டையான நிறங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் மலைமேல் பியர் கோனிக் கட்டிய ஸ்டால் வீட்டின் படத்தைப் பார்த்திருந்தால் எந்த மாதிரி என்று பிடிபடும். சுவரே கண்ணாடி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். எதையும் ஒளிக்க இடமில்லாதது போன்ற ஒரு வீடு. அப்படிப்பட்ட வீட்டில் ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் ஏதோ இருக்கிறது என்று வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உளவு தெரிகிறது. திருடனுக்கு அலமாரிக்குள் இருப்பது வேண்டும். உளவாளிக்கு அலமாரி நிஜமாகவே அலமாரிதானா என்று தெரிய வேண்டும்.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழித்து

ஒரு நிஜக் கதை நினைவுக்கு வந்தது. 1957-இல் நியூயார்க் புரூக்ளினில் பேப்பர் போடும் பையன் ஒருவன் வீடு வீடாகப் போய்க் காசு வாங்கிக்கொண்டிருந்தான். சில்லறையில் ஒரு ஐந்து சென்ட் நாணயத்தின் சத்தம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. கீழே விழுந்ததும் அது இரண்டாகப் பிளந்துகொண்டது. உள்ளே நகத்தைவிடச் சிறிய ஒரு புகைப்படம். அதில் வரிசை வரிசையாக எண்கள், ஒவ்வொன்றும் ஐந்து இலக்கம். நாணயத்தின் மேல்பக்கத்தில் இருக்கும் 'டிரஸ்ட்' என்ற சொல்லின் ஆர் எழுத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஊசியால் அழுத்தினால் திறக்கும்.

இதை கேமில் வைத்திருந்தால் ரொம்ப ஓவர் என்று நாமே சொல்லியிருப்போம்.

மார்ச் 4

திருத்தம். நாணயம் கிடைத்தது 1953-இல். 1957 என்பது அதன் விடை கிடைத்த ஆண்டு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிட்டேன், சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

இந்தத் தவறால் கதையின் முக்கியமான பாகமே விட்டுப்போயிருந்தது. அந்த நான்கு ஆண்டுகளும் எஃப்.பி.ஐ.யால் அதை உடைக்க முடியவில்லை. 1957 மே மாதம் ரெய்னோ ஹேஹானென் என்ற சோவியத் உளவாளி பாரிஸில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய்ச் சரணடைந்து, தன் ரகசிய எழுத்துமுறையைச் சொன்ன பிறகுதான் எண்கள் சொற்களாயின. சாவி நாலு துண்டாக அவர் மனப்பாடத்தில் இருந்தது. 'பனிப்பொழிவு' என்பதற்கான ரஷ்யச் சொல், ஒரு ரஷ்யப் பாட்டின் வரி, ஜப்பானை வென்ற நாளான 3 செப்டம்பர் 1945, அவருக்குத் தரப்பட்ட 13 என்ற எண். இந்த நாலும் இல்லாமல் அந்த எண்களை எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் பயனில்லை.

உடைத்துப் படித்தபோது என்ன இருந்தது தெரியுமா? நீங்கள் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு வாழ்த்துகள். உள்ளூர்ப் பணம் மூவாயிரம் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். பார்சலை உங்கள் மனைவி கையிலேயே கொடுத்துவிட்டோம், குடும்பத்தில் எல்லாரும் நலம். ஹேஹானெனுக்கே எழுதிய கடிதம் அது. அவருக்கான நாணயம் எப்படியோ தவறி, கை மாறிக் கை மாறி, ஒரு பையனின் சில்லறைக்குள் போயிருக்கிறது.

மனைவி நலம் என்ற அந்த வரியைப் படித்ததிலிருந்து என்னவோ மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

மார்ச் 4, இரவு

கேள்விக்குத் திரும்பி வருகிறேன். நேற்று வீட்டைக் காட்டி உளவு என்றேன், அது பாதி பதில்தான். நாணயத்தை யோசிக்க யோசிக்க மீதிப் பாதி தெரிகிறது.

நிஜ உளவாளியின் புதிர் உடையக்கூடாது என்றே செய்யப்பட்டது. கேமில் இருக்கும் புதிர் உடைய வேண்டும் என்றே செய்யப்பட்டது. ரூபி தன் வீட்டுப் பூட்டின் எண்ணை இன்னொரு அறையில் கோலம் மாதிரி வரைந்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. வைத்தவர் மெல்போர்னில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வைத்திருக்கிறார். அந்த ஆசை இருக்கும்வரைதான் கேம் நியாயமாக இருக்கும்.

நியாயமில்லாதது எப்படி இருக்கும் என்றால், 1999-இல் வந்த 'கேப்ரியல் நைட் 3'. உலகம் முழுக்கப் புதிர் கேம் ஆடுகிறவர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்ளும் ஒரு மீசை அதில் இருக்கிறது. ஒருவரைப் போல வேஷம் போட்டு வாடகைக்கு வண்டி எடுக்க வேண்டும். அதற்காக ஒரு ஓட்டையில் டேப் ஒட்டி, பூனையை அந்த வழியாக ஓடவிட்டு, ஒட்டிய முடியை எடுத்து மீசை செய்ய வேண்டும். யாரைப் போல வேஷம் போடுகிறோமோ அவருக்கு மீசையே கிடையாது! அதனால் அவருடைய பாஸ்போர்ட் படத்தில் பேனாவால் மீசை வரைய வேண்டும். வேஷம் மாறுவதைவிட உளவுத்தனமான காரியம் வேறென்ன இருக்கிறது? ஆனாலும் அங்கே யாராலும் யோசித்து வர முடியாது. செய்தவர் மனதில் இருப்பதை ஜோசியம் பார்க்க வேண்டும்.

மார்ச் 6

"அப்படியென்றால் மாட்டிக்கொண்ட இடத்தில் வாக்த்ரூ (விடைகளை வரிசையாகக் காட்டும் வீடியோ) பார்ப்பதில் என்ன தப்பு" என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். தப்பு என்று நான் சொல்லவில்லையே. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2016-இல் முதன்முதலாக ஆடினேன். அப்போது வேலைக்காகத் தினமும் ரயிலில் போய்வந்தேன், போக ஒன்றேகால் மணி நேரம். இரண்டாவது வாரம் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டேன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், இங்கே ஆடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் ஒரு வீடியோவைத் திறந்து பார்த்தேன். விடை என் கண்முன்னாலேயே இருந்த ஒரு பொருள்தான். தினமும் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன், அழகுக்கு வைத்தது என்று நினைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் மோசம். அடுத்த அறையில் இரண்டு நிமிடம் யோசித்தேன், வீடியோவைத் திறந்தேன். அதற்கடுத்த அறையில் யோசிக்கவே இல்லை. அத்தியாயம் முடிந்துவிட்டது. இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் முதல் பாதியின் ஒவ்வொரு அறையும் நினைவிருக்கிறது, பின்பாதி சுத்தமாக இல்லை.

மார்ச் 6, இன்னொரு விஷயம்

ஒரு நோட்டு வாங்குங்கள். டேப்லட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதுமே என்று தோன்றும். ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் பார்த்தாயிற்று என்று மனசு விட்டுவிடுகிறது. கையால் வரையும்போது ஐந்து கோடா ஆறு கோடா என்று மறுபடி நிமிர்ந்து பார்ப்போம், அந்த இரண்டாவது பார்வையில்தான் விஷயம் சிக்கும்.

மார்ச் 9

இப்போது என் மகள் ஆடுகிறாள். பத்து வயது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

சிவப்புப் பொத்தான் எங்கே தெரிந்தாலும் அழுத்திவிடுகிறாள். அழுத்தாமல் எப்படி இருப்பது என்று என்னையே கேட்கிறாள். அழுத்தத் தோன்ற வேண்டும் என்றுதானே அங்கே வைத்திருக்கிறார்கள்.

இன்று வேறொரு புதிர் கேமில் நாலு இலக்கப் பூட்டு ஒன்று வந்தது. நாலு எண்களும் தெரிந்துவிட்டன, வரிசைக்கான குறிப்பு கிடைக்கவில்லை. அவள் நோட்டில் எல்லா வரிசையையும் எழுதிப்போட்டு ஒவ்வொன்றாக அடித்தாள். பதினேழாவதில் திறந்தது. "இது ஏமாற்று வேலையா அப்பா?" என்றாள்.

எண்கள் எதுவுமே தெரியாவிட்டால் 10,000 வரிசை. ஒன்றுக்கு மூன்று நொடி வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு எண்ணும் வேறுவேறாக இருந்து, எவை என்று தெரிந்துவிட்டால் 24 வரிசைதான். 10,000-ஐ 24 ஆக்கியது அவள் மூளை. அதற்கப்புறம் விரல் வேலை. ஏமாற்று இல்லை என்று சொன்னேன்.

மார்ச் 9, இரவு

அந்த 24-ஐப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மானியர்கள் எனிக்மா என்ற எந்திரத்தால் ரகசிய எழுத்தாக மாற்றிய செய்திகளை உடைத்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். ஜெர்மன் வானிலை அறிக்கை என்றால் 'வானிலை' என்ற சொல் எங்காவது வந்தே தீரும். எந்த இடத்தில் வந்திருக்கும் என்று ஊகிப்பார்கள். எனிக்மா எந்திரத்தில் ஒரு எழுத்து ஒருபோதும் அதே எழுத்தாக மாறாது. அதனால் ஊகித்த சொல்லைச் செய்திக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்கள். மேலும் கீழும் எங்காவது ஒரே எழுத்து வந்தால் அந்த இடம் கிடையாது என்று தள்ளிவிடலாம். அப்படிக் குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்து மிச்சத்தை எந்திரத்திடம் கொடுத்தார்கள். என் மகள் மிச்சத்தைத் தன் விரலிடம் கொடுத்தாள்.

அங்கே ஆள் எடுத்த விதமும் புதிர் பிரியர்களுக்குப் பிடிக்கும். 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை ஒரு குறுக்கெழுத்துப் போட்டி வைத்தது, 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கப்புறம் கலந்துகொண்டவர்களில் சிலருக்கு அரசிடமிருந்து கடிதம் போனது, பிளெட்ச்லிக்கு வேலைக்குச் சேர்ந்தார்கள். புதிருக்கும் உளவுக்கும் உறவு கதைக்காகக் கட்டியது என்று இனி சொல்லாதீர்கள்.

மார்ச் 10

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் ஏ வெளிவந்த அதே 2015-இல், டிசம்பரில், பிரிட்டனின் ஜி.சி.ஹெச்.க்யூ. உளவு அமைப்பின் தலைவர் ராபர்ட் ஹானிகன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் ஒரு கட்டப் புதிர் அனுப்பினார். 25-க்கு 25 கட்டம், ஓரத்தில் எண்கள். சரியாகக் கறுப்பு அடித்தால் ஒரு க்யூஆர் கோடு வரும், அதை ஸ்கேன் செய்தால் அடுத்த புதிர். மொத்தம் ஐந்து சுற்றுகள். நான் முதல் சுற்றை இரண்டு இரவு உட்கார்ந்து முடித்தேன், மூன்றாவதில் நின்றுவிட்டேன். அதற்கு வருத்தமே படவில்லை.

மார்ச் 12

"இது எஸ்கேப் ரூம்தானே, அதற்கு எதற்கு ஏஜென்ட் பெயர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எஸ்கேப் ரூம் என்றால் பூட்டிய அறைக்குள் இருந்து புதிர்களை அவிழ்த்து வெளியே வரும் விளையாட்டு. உறவு உண்டு. 2004-இல் தோஷிமிட்சு தகாகி என்ற ஜப்பானியர் 'கிரிம்சன் ரூம்' என்று பிரவுசரில் ஆடும் ஒரு சின்ன பிளாஷ் கேம் செய்தார். சிவப்பு அறை, பூட்டிய கதவு, அவ்வளவுதான். கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் அதை நான் ஆடியிருக்கிறேன். திரையில் இருந்தது மாதிரி அறை நிஜத்துக்கு வந்தது 2007-இல், கியோட்டோவில். இன்றைக்கு ஊர் ஊராக இருக்கும் எஸ்கேப் ரூம்களுக்கு ஆரம்பம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அங்கே நாம் கைதி. வெளியே வருவதுதான் குறி. ஏஜென்ட் ஏ-யில் நாமாக உள்ளே போகிறோம், இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே. ஒரு மனுஷியின் வீட்டை அவள் அனுமதி இல்லாமல் பார்க்கிறோம். அந்த லேசான குற்ற உணர்ச்சி கிரிம்சன் ரூமில் எனக்கு வந்ததில்லை.

மார்ச் 13

நிறத்தைப் பற்றி ஒரு முறையீடு. என் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஒரு புதிர் கேமை (பெயர் வேண்டாம்) ஆசையாக வாங்கி ஆடினான். நடுவில் சிவப்பு, பச்சை விளக்குகளை வரிசைப்படுத்தும் பூட்டு. நிறத்தைத் தவிர வேறு அடையாளமே இல்லை. நான் வந்து சொல்லும்வரை காத்திருந்தான், அப்புறம் அந்த கேமைத் தொடவில்லை. விளக்கில் ஒன்றுக்கு வட்டமும் இன்னொன்றுக்குச் சதுரமும் போட்டிருந்தால் போதும். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மார்ச் 16

நியாயம் அநியாயம் என்று மேலே பெரிதாக எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை நானே அநியாயம் செய்தேன், அதையும் இங்கே எழுத வேண்டும்.

மகளுக்காக வீட்டிலேயே ஒரு உளவு விளையாட்டு வைத்தேன். தமிழில் ரகசிய எழுத்து வேண்டும். சின்ன வயதில் எல்லாரும் பேசியிருப்போமே, ஒவ்வொரு எழுத்துக்கு முன்னும் க சேர்ப்பது, "கநீ கவா" என்று. அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கிலத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவது போல தமிழில் தள்ளிப் பார்த்தேன். க-வைத் தள்ளினால் ங வருகிறது. ங சொல்லின் முதலில் வந்து உட்கார்ந்தால் பார்த்தவுடனே குட்டு உடைந்துவிடும்.

சரி என்று வல்லினத்தை மட்டும் தள்ளினேன். க இருந்தால் ச, ச இருந்தால் ட, ட இருந்தால் த, த இருந்தால் ப, ப இருந்தால் ற, ற இருந்தால் மறுபடி க. உயிர்க்குறியும் புள்ளியும் அப்படியே நிற்கும். மற்ற எழுத்துகளைத் தொடுவதில்லை. கதவு 'சபவு' ஆகும், கடிதம் 'சதிபம்' ஆகும். வாயில் நன்றாகவே வருகிறது. சாவியை முதல் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது சீட்டில் சமையலறைத் தட்டைச் சொல்ல வேண்டும். தட்டு என்பதைத் தள்ளினேன்: பத்து. நிஜமான ஒரு சொல் வந்து விழுந்தது! எவ்வளவு அழகு என்று குதித்தேன். சீட்டில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி மாடிப்படியில் வைத்தேன்.

அவள் பத்தாவது படியைப் பார்த்தாள். பத்தாவது புத்தகத்தை எடுத்துப் பக்கம் பத்தைப் பார்த்தாள். காலண்டரில் பத்தாம் தேதியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு மணி நேரம். நான் ஒப்பந்தப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அழுதுவிட்டாள்.

தட்டு என்று சொன்னதும் அவள் கேட்டது இதுதான்: "அது ரகசிய எழுத்து என்று எனக்கு எப்படித் தெரியும்?"

மார்ச் 17

அவள் கேட்டதைவிட்டு வெளியே வர முடியவில்லை. நான் செய்தது புரூக்ளின் நாணயம். பார்த்தால் சாதாரணச் சில்லறை மாதிரியே இருக்க வேண்டும் என்று செய்தது. உளவாளிக்கு அது திறமை. பத்து வயதுப் பெண்ணுக்குச் செய்தால் அது வஞ்சகம். "தட்டுக்கு அடியில்" என்று முழுதாக எழுதித் தள்ளியிருந்தால் 'பத்துச்சு அதியில்' என்று வந்திருக்கும். அப்படிச் சேர்த்தால் எந்த அர்த்தமும் கிடையாது, பார்த்த நொடியில் சாவியை எடுத்திருப்பாள். எனக்கு அழகாகத் தெரிந்த சொல்தான் அவள் வழியை அடைத்தது.

அதனால் மார்ச் 4 இரவு எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். விடை கண்முன்னால் இருந்தால் மட்டும் போதாது. இங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். 2016-இல் நான் தினமும் தாண்டிப்போன அந்தப் பொருளை இப்போது மகள் ஆடும்போது மறுபடி பார்த்தேன். அதன்மேல் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அவள் முதல் பார்வையிலேயே கேட்டாள், "இது ஏன் இப்படி இருக்கு?" செய்தவர்கள் நியாயமாகத்தான் வைத்திருக்கிறார்கள். எட்டு, ஒன்பது வருடம் கழித்து அவர்களிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 18

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் நிற்கும் இடத்தைத் தனிச்செய்தியில் சொன்னதற்கு நன்றி. விடையைச் சொல்லப்போவதில்லை. எந்த அறைக்குத் திரும்ப வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். போய் நில்லுங்கள், ஏன் இப்படி இருக்கு என்று கேளுங்கள்.

மார்ச் 20

திறந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் காலை ஐந்து மணிக்கு. ரொம்ப சந்தோஷம்.

மார்ச் 23

நேற்று அலுவலகத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் ஒரு சீட்டு. மகளின் கையெழுத்து. இரண்டே சொல்:

றாத்தி சத்தில்

ற-வில் தொடங்கும் தமிழ்ச்சொல் கிடையாது, அதனால் எடுத்தவுடனே ரகசிய எழுத்து என்று தெரிந்துவிட்டது. அவள் அதை யோசித்துத்தான் செய்தாளா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். சாவி மார்ச் 16 குறிப்பில் இருக்கிறது, நீங்களும் போட்டுப் பாருங்கள். விடையை இங்கே எழுத வேண்டாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மண்டிபோட்டுக் கையை விட்டுத் துழாவினேன். அடுத்த சீட்டு கிடைத்தது.